பின்னக் கணக்குக் கேசட்

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்தின் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. 1987, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு குழந்தை சிரிக்கிறது. ‘ஒவ்வொரு குழந்தைக்கும்’ என்று பெரிய எழுத்து. விலையை மட்டும் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: மாலை வெயில் கோபுரங்களின் மேல் சாய்ந்து

அடித்துவிட்டேன். கோபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2

ஞானம், மிஷன் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர். பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் நன்கொடையாக வந்தது. அதில் ஓட்டப் பாடக் கேசட் எதுவும் அதோடு வரவில்லை. தாளாளர் ஆசீர்வாதம் கெடு வைத்தார். வெள்ளிக்கிழமைக்குள் அதில் வகுப்பு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பளப் பட்டியல் போட அது ஆபீசுக்குப் போய்விடும்.

ஞானம் கம்பெனி ஏஜெண்ட் விஸ்வேஸ்வரனிடம் போனார்.

“பின்னக் கணக்குக் கேசட் எம்புட்டு சார்?”

சொன்னார்.

“என் ஆறு மாசச் சம்பளத்தச் சொல்றீங்க.”

“பெட்டி தானமா வந்துச்சுன்னா பாடமும் தானமா வருமா டீச்சர்? துப்பாக்கி விளையாட்டுக் கேசட் ஒண்ணு சும்மாத் தாரேன். புள்ளைங்க சுட்டுக்கிட்டுக் கெடக்கும்.”

“சுடத் தெரியும் சார். முக்கால்ல பாதி எம்புட்டுன்னுதான் தெரியல.”

(விஸ்வேஸ்வரனை இவ்வளவு வெளிப்படையாகப் பேசவிட்டது சரிதானா? இப்படிப்பட்டவர்கள் இனிமையாகப் பேசுவார்கள். அந்தப் பின்னக் கேசட் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.)

3

வாடிப்பட்டியில் இன்பசேகரன் என்றொரு வாத்தியார், தானே தமிழில் ஒரு பின்னப் பாடம் எழுதி வைத்திருந்தார். காசு கேட்கவில்லை. இருந்தது ஒரே கேசட். ஞானம் கேட்டதும், வியாழன் மாலை அதை எடுத்துக்கொண்டு பள்ளி இருந்த சிம்மக்கல்லுக்கு வந்தார். “காப்பி எடுத்துட்டு உடனே குடுங்க டீச்சர். காலைல எனக்கும் கிளாஸ் இருக்கு.”

பிச்சுமணியின் பாட்டு ரிக்கார்டிங் கடையில் கொடுத்துவிட்டு இருவரும் எதிரே காபி குடித்தார்கள்.*

பிச்சுமணி கேசட்டைப் போட்டுக் கேட்டார். ஒரே இரைச்சல். டேப் கெட்டிருக்கிறது, பாவம் டீச்சர் என்று நினைத்தார். இரைச்சலைக் குறைத்து, அடி நாதத்தைக் கூட்டிப் பதிந்தார். நாடா மிச்சமிருந்தால் வெறுமையாகக் கொடுப்பது கடை வழக்கமில்லை. மிஷன் டீச்சருக்காக இரண்டு மாதா பாட்டுகளைச் சேர்த்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அசல், கடைசி பஸ்ஸில் வாடிப்பட்டிக்குப் போய்விட்டது.

* கம்ப்யூட்டர் பாடமும் பாட்டுக் கேசட்டில்தான் வருகிறது. காதுக்கு அது வெறும் இரைச்சல். அந்த இரைச்சலைத்தான் பெட்டி பாடமாகப் படித்துக்கொள்கிறது.

4

வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார்கள். கம்ப்யூட்டரோடு இணைத்த டேப் ரிக்கார்டரில் கேசட் ஓடியது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு டேப் ரிக்கார்டர் பாடத் தொடங்கியது. வகுப்பு சிரித்தது.

“இதுக்கா டீச்சர் இம்புட்டு ஆர்ப்பாட்டம்?” என்றார் ஆசீர்வாதம். “அதுவும் நம்ம புராட்டஸ்டண்ட் ஸ்கூல்ல கத்தோலிக்கப் பாட்டு. திங்கக்கிழமை பெட்டி ஆபீசுக்கு வந்துரணும்.”

[நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரிக்கும்படிதான் எழுதினேன், இப்போது வருந்துகிறேன். பிச்சுமணி கோமாளியாகிவிட்டார், விலை போட்டவர் தப்பித்துவிட்டார். கணக்குப் பாடத்துக்காக ஒரு டீச்சரைப் பாட்டுக் கடைக்கு அனுப்பியது யார்?]

ஞானம் கழிவறையில் போய் நின்றுகொண்டு

வேண்டாம். அவரை அழவைத்து உங்கள் இரக்கத்தை வாங்க மாட்டேன். சனிக்கிழமை அவர் வாடிப்பட்டிக்குப் போனார். இரண்டு டேப் ரிக்கார்டர்களை ஒயரால் இணைத்து, எதையும் திருத்தாமல் பதிந்து வாங்கினார். அங்கேயே ஓட்டிப் பார்த்தார். ஓடியது.

5

ஒரு முடிவு: திங்கள் காலை பாடம் திரையில் வருகிறது. ஆசீர்வாதம் மனம் மாறுகிறார். நீங்கள் நிறைவோடு பக்கத்தைத் திருப்புகிறீர்கள். விலை அப்படியே இருக்கிறது.

இன்னொன்று: பெட்டி ஆபீசுக்குப் போகிறது. நீங்கள் பெருமூச்சு விடுகிறீர்கள். அப்போதும் விலை அப்படியே இருக்கிறது.

இரண்டையும் தர மறுக்கிறேன். தருவது இவ்வளவுதான்:

திங்கள் காலை. பியூன் மலையாண்டியும் இன்னொருவரும் கம்ப்யூட்டரை மேசையோடு வராந்தாவுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். ஞானம் கேசட்டோடு எதிரே நிற்கிறார்.

“கீழ வைங்கண்ணே. ஒரு தடவ போட்டுப் பாத்துர்றேன்.”

“தூக்கத்தான் சொன்னாரு டீச்சர். வைக்கச் சொல்லலியே.”

வகுப்பு வாசலில் தங்கப்பொண்ணு என்ற மாணவி. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறாள். “டீச்சர், இன்னைக்காவது நாங்க தொடலாமா?”

ஞானத்தின் பதிலை நான் எழுதப்போவதில்லை. மேசை இன்னும் தரையில் இறங்கவில்லை. ஒரு பக்கம் வகுப்பு, ஒரு பக்கம் ஆபீஸ். மலையாண்டிக்குக் கை வலிக்கிறது. சொல்லுங்கள், எங்கே வைக்க?