டச்சப் செய்த கால்

கடைத்தெருவில் எல்லோரும் அவரை டச்சப் என்றுதான் கூப்பிடுவார்கள். போட்டோ ஸ்டூடியோ வைத்து முப்பது வருடமாகிறது. பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வருகிறவர் ஒரு வாரம் தூங்காமல் வந்திருந்தாலும், டச்சப் கையிலிருந்து வெளியே போகும்போது அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டு வந்தவர் மாதிரிப் போவார். கண்ணுக்குக் கீழே கருப்பு இருக்காது, கன்னத்தில் பரு இருக்காது, காது இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும். விமான நிலையத்தில் அதிகாரி படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார் என்று இரண்டு பேர் திரும்பி வந்து சண்டை போட்டதுண்டு. டச்சப் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கல்யாணப் படத்தில் சொந்த மனைவியின் தாடையில் இருந்த மச்சத்தையே தூக்கிவிட்ட மனிதர் அவர். "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாள். இன்றைக்கும் அந்தப் படம் மாட்டியிருக்கும் சுவரைத் தாண்டும்போது மனநிலை சரியில்லாவிட்டால் கேட்பாள்.

இப்பேர்ப்பட்ட கலைஞருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். ஞாபகம் வராமலும் பார்த்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கேமரா ஸ்டாண்டின் திருகாணி ஒன்று காணாமல் போனது. கடையைத் தலைகீழாகப் புரட்டினார். மேசைக்கு அடியில் தவழ்ந்தார். பக்கத்துக் கடைக்காரர் மேல் லேசாகச் சந்தேகமும் பட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் ரத்தமாக இருந்தது. மனைவி ஷூவைக் கவிழ்த்தாள், திருகாணி விழுந்தது. எட்டு மணி நேரம் அதன் மேலேயே நின்றுகொண்டு அதைத் தேடியிருக்கிறார்.

"வலிக்கவே இல்லையே!" என்றார், ஏதோ சாதித்துவிட்ட மாதிரி.

மறுநாளே அவரைப் பாத சிகிச்சைப் பிரிவுக்கு ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனாள். கட்டைவிரலுக்குக் கீழே, சதைப்பிடிப்பான இடத்தில் சின்னதாக ஒரு குழி. நர்ஸ் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டுக்கொண்டே, "தெரியுதா சார்?" என்று கேட்டார்.

"நீங்க ஆரம்பிங்க சிஸ்டர், சொல்றேன்" என்றார் டச்சப். நர்ஸ் அப்போது ஏழாவது இடத்தில் இருந்தார்.

"வலிக்காததுதான் சார் இதுல பயமே" என்றார் நர்ஸ். புண்ணைச் சுத்தம் செய்தார். சுற்றிலும் சிவந்திருந்த இடத்தின் ஓரமாக நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டார். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா கிருமி பரவுதுன்னு அர்த்தம். நீங்க தினமும் இவ்வளவு தூரம் வர வேண்டாம். காலையில கட்டு மாத்தும்போது போன்ல ஒரு படம் எடுத்து அனுப்புங்க, நான் பார்த்துச் சொல்றேன். சீக்கிரம் பார்த்தா மருந்தோட போயிடும். லேட்டா பார்த்தா விரலோட போகும், காலோட போகும்."

"படமா?" டச்சப் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை எல்லாவற்றையும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டவர், அந்த ஒரு சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். புண் தரையில் அழுந்தாமலிருக்கக் கொடுத்த தனிச் செருப்பு, நடக்காதீர்கள் என்ற பேச்சு, இதெல்லாம் அவர் கணக்கில் சில்லறை விஷயங்கள்.

மறுநாள் காலை பாதத்துக்கு ராஜ உபசாரம் நடந்தது. ஜன்னலோரம் ஸ்டூல், பின்னால் கருப்புத் துணி, வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை அட்டை. கட்டுத் துணியோடு பக்கத்தில் நின்ற மனைவியை, "நிழல் விழுது, வெளியே போ" என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். அன்றிலிருந்து கட்டு மாற்றுவதும் சாத்திய கதவுக்குள் அவரே செய்துகொள்ளும் வேலையாயிற்று. படம் எடுத்தார், பார்த்தார். தோல் வறண்டு, சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை. முப்பது வருடத்தில் இப்படி ஒரு படம் அவர் கையை விட்டுப் போனதில்லை.

விரல் தானாக வேலை செய்தது. சிவப்பைக் குறைத்தது, வெடிப்பை மூடியது, புண்ணோரத்து மஞ்சளைத் துடைத்தது. ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படம் எடுக்குமுன் சட்டைக் காலரைச் சரிசெய்வது ஏமாற்று வேலையா என்ன?

"நல்லா இருக்கு சார். ரொம்பத் தெளிவான படம்" என்று நர்ஸிடமிருந்து பதில் வந்தது. டச்சப் அதை மனைவியிடம் காட்டினார், பக்கத்துக் கடைக்காரரிடமும் காட்டினார். மகிழ்ச்சியில் பழைய ஷூவையே மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடையில் நின்றார்.

படம் நாளுக்கு நாள் மெருகேறியது. காலுக்கு அந்த மெருகு ஏறவில்லை. நான்காம் நாள் லேசாக ஒரு நாற்றம் வந்தது. படத்துக்கு நாற்றம் கிடையாது என்பது வசதியாகப் போயிற்று. பாதம் வீங்கினாற்போல் தெரிந்தபோது அவருக்கும் ஒரு நிமிடம் சந்தேகம் தட்டியது. உடனே போனை எடுத்து, "புண் நல்லா ஆறிட்டு வருது சார்" என்ற நர்ஸின் பதிலை இன்னொரு தடவை படித்தார். படித்த நர்ஸே சொன்ன பிறகு நமக்கென்ன பயம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தன் கைவேலையில் தானே ஏமாந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

ஆறாம் நாள் படத்தில் நீலக் கோடு கண்ணை உறுத்தியது. தொழில்காரன் கண்ணுக்கு அது கறை. துடைத்துவிட்டு அனுப்பினார். பிறகு குளிர் எடுக்கிறது என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் போன் மணி அடித்தது. மனைவி எடுத்தாள்.

"அம்மா, இன்னைக்குப் படத்துல நான் போட்ட கோடே காணோமே, அழிஞ்சிடுச்சா? கொஞ்சம் பாருங்க" என்றார் நர்ஸ்.

அவள் போர்வையை விலக்கிக் கட்டைப் பிரித்தாள். கோடு அழியவில்லை. மங்கலாக இருந்தாலும் இருந்த இடத்தில்தான் இருந்தது. சிவப்புதான் அதைத் தாண்டி நான்கு விரற்கடை ஏறி, கணுக்காலைத் தொட்டிருந்தது. அவர் அனுப்பிய படத்தைத் திறந்தாள். பளிங்கு மாதிரி ஒரு பாதம்! அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மச்சம் போன வழி அவளுக்குத் தெரியும்.

"அடப்பாவி மனுஷா" என்றாள். அவசர அவசரமாக அவளே ஒரு படம் எடுத்தாள். படம் ஆடியிருந்தது, பாதி இருட்டு, ஒரு மூலையில் அவளுடைய பெருவிரல். அப்படியே அனுப்பினாள்.

"எந்த வண்டி கிடைக்குதோ அதுல ஏறுங்கம்மா. இப்பவே" என்று நர்ஸ் அழைத்துச் சொன்னார்.

மருத்துவமனையில் டாக்டர் காலைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், டச்சப்பையும் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் இப்படியே அழகான படமா அனுப்பியிருந்தீங்கன்னா, நான் உங்ககிட்ட முட்டிக்குக் கீழ எடுக்கத்தான் கையெழுத்து கேட்டிருப்பேன். இப்பவும் விரல் தங்குமான்னு மூணு நாள் கழிச்சுத்தான் சொல்ல முடியும்" என்றார்.

புண்ணைத் திறந்து சீழை எடுத்தார்கள். ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. டச்சப் போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்தபடி கிடந்தார். ஐம்பத்தெட்டு வருடத்தில் அதை அவர் முழுசாகப் பார்த்தது அந்த மூன்று நாட்களில்தான். பயமாக இருந்தது. வாய்விட்டே அழுதார்.

"அசிங்கமா ஒரு படத்தைக் கொடுக்க மனசே வரலடி" என்றார்.

"அந்தம்மா என்ன, சுவத்துல மாட்டவா கேட்டாங்க?" என்றாள் மனைவி. அவளும் அழுதுகொண்டுதான் கேட்டாள்.

விரல் தங்கியது. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் இன்னும் ஆறவில்லை, காலில் புதிதாக ஒரு நீலக் கோடு இருந்தது. படம் எடுக்கும் வேலையை மனைவி ஏற்கவில்லை. "நீங்களே எடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன், நிழல் விழட்டும்" என்றாள்.

அவர் எடுத்தார். கருப்புத் துணி இல்லை, அட்டை இல்லை. படம் கொஞ்சம் கலங்கியிருந்தது, மனைவியின் நிழல் குறுக்கே விழுந்திருந்தது. பழக்கத்தில் விரல் ஒரு தடவை திரைக்கு மேலே போய் நின்றது. அவர் விரலை எடுத்துக்கொண்டு, உள்ளது உள்ளபடி அனுப்பினார்.

பதில் வந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினார்:

"படம் சுமார்தான் சார். கால் நல்லா இருக்கு."