கனகசபாபதி சேரின் பதில்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவுக்கே தெரியும். இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். யாருடைய தளத்தையாவது திருத்தப் போனால் முதலில் நான் கேட்பது, "பிரதி எடுத்து வைச்சிருக்கிறீங்களா?" என்பதுதான். இல்லை என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நான் அந்தப் புதன்கிழமை வெள்ளவத்தையில் செய்துவிட்டு வந்த வேலையை இன்னும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜெகதீஸ்வரி அன்ரியின் வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. ரயில் போனால் யன்னல் கண்ணாடி அதிரும். அவருடைய கணவர் கனகசபாபதி சேர் உயர்தர மாணவருக்குக் கணிதம் படிப்பித்தவர். ஓய்வு பெற்றதும் தானே ஒரு தளம் தொடங்கி, பிள்ளைகள் அனுப்பும் கணக்குகளுக்கு அதிலேயே பதில் எழுதினார். பதினொரு வருடம், ஆறாயிரத்துச் சொச்சம் பதில்கள். அவர் இறந்து ஒரு வருடமும் ஒன்பது மாதமும் ஆகிறது. நான் அவரைக் கண்டதேயில்லை. ஆனால் வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன் சில பதில்களை வாசித்துப் பார்த்தேன். "ராசா, கேள்வியை இன்னொருக்கா வாசி. வாசிச்சனியோ? இப்ப சொல்லு, உராய்வு எங்கை போச்சு?" இன்னொன்றில், "பிள்ளை, விடை சரி. வழி களவு." தனியே இருந்து சிரித்தேன்.

தளத்தை இயக்கிய மென்பொருள் கிழடு தட்டிப் போயிருந்தது. அதில் இருந்த ஓட்டைக்குள்ளால் யாரோ புகுந்து, கணக்குகளுக்கு நடுவில் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். அன்ரி எனக்குப் போன் எடுத்தார்.

"இவர் சீவியத்திலை சூதாடக் கடதாசிக்கட்டு தொட்டதில்லை, பிள்ளை. இவரின்ரை பேருக்குக் கீழை அந்தப் படங்கள் வருது. அதை எப்பிடியாவது நிப்பாட்டித் தாரும். ஆனால் பதிலுகள் கவனம். காலமை தேத்தண்ணியோடை பத்துப் பதில் வாசிப்பன். அவர் பக்கத்திலை இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும். அவரிட்டை இருந்து எனக்கு வேறை மிச்சமில்லை."

புதிய மென்பொருளைத் தளம் குடியிருக்கும் கணினியில், அதாவது சேர்வரில், ஏற்றி, நிறுவி, பதில்கள் சேமிக்கப்பட்டிருக்கும் தரவுத்தளத்தோடு இணைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வீட்டில் இருந்தே செய்திருப்பேன். அன்ரி விடவில்லை. தன் வீட்டில்தான் செய்ய வேண்டும், அதுவும் தான் சொல்லும் நேரத்தில்.

"புதன்கிழமை பத்தே முக்காலுக்குத் தொடங்கும். பன்னிரண்டுக்கு முதல் முடிச்சுப்போட வேணும். பன்னிரண்டுக்கு ராகு காலம்."

"அன்ரி, சேர்வர் இருக்கிறது சிங்கப்பூரிலை. அங்கை நேரம் வேறை."

"இருக்கட்டும். நீர் இருக்கப்போறது வெள்ளவத்தையிலைதானே?"

நான் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பிள்ளை. ராகுவும் எனக்கு ஒன்றுதான், கேதுவும் ஒன்றுதான். போனேன். மேசையைத் துடைத்து, மடிகணினி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கண்ணேறு படாமல் ஒரு தேசிக்காயும் வைத்திருந்தார். என் கணினிக்குச் சந்தனப் பொட்டு வேறு. வேலையைத் தொடங்கினேன்.

பழைய மென்பொருளின் கோப்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, புதியதை ஏற்றத் தொடங்கினேன். நாலாயிரத்து முந்நூறு சின்னச் சின்னக் கோப்புகள். அந்த வீட்டு இணைப்பு ஆமை வேகம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அன்ரி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சுதோ, பிள்ளை?"

"இல்லை, அன்ரி."

ஏற்றி முடிய பதினொன்று நாற்பத்தைந்து. இனித் தரவுத்தளத்தைப் பிரதி எடுக்க வேண்டும். அதற்கு இருபது நிமிடமாவது பிடிக்கும். அன்ரி இப்போது என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பதில்களில் நான் கைவைக்கப் போவதில்லையே, இணைக்கத்தானே போகிறேன், பிரதி பிறகு எடுக்கலாம் என்று நினைத்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் வாய் அப்போது எங்கே போனதோ தெரியாது.

நிறுவும்போது திரை ஒவ்வொன்றாகக் கேட்டது. தளத்தின் பெயர், தரவுத்தளத்தின் பெயர், கடவுச்சொல். பிறகு ஒரு பெட்டி வந்தது. இங்கே பழைய தரவு இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளவா, நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கவா? இரண்டாவதில் ஏற்கெனவே சரி அடையாளம் விழுந்திருந்தது. வாசிக்காமலே அடுத்தது என்று அமத்தினேன். மணி பதினொன்று ஐம்பத்தேழு.

"முடிஞ்சுது, அன்ரி!"

அவர் முகம் மலர்ந்தது. கோப்பி போட உள்ளே போனார். நான் தளத்தைத் திறந்தேன். நல்வரவு என்றது. பதில்கள் என்ற இடத்தில் பூச்சியம்.

இன்னொருமுறை திறந்தேன். பூச்சியம்தான். சேர்வர்க் கம்பனிக்கு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. பிரதி எடுத்து வைப்பது வாடிக்கையாளரின் பொறுப்பாம். நான் எல்லோரையும் பார்த்துச் சொல்லும் அதே வசனம்.

அன்ரி கோப்பித் தட்டோடு வந்தார். விளம்பரம் போட்டவன்தான் அழித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று சொன்னால் நம்புவார். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். விடை சரி, வழி களவு என்று அந்த மனிசன் எழுதியது நினைவுக்கு வந்து தொலைத்தது.

"அன்ரி, பதிலுகள் அழிஞ்சுபோச்சு. நான்தான் அழிச்சனான். வாசிக்காமல் அமத்திப்போட்டன்."

"எல்லாமோ?"

"எல்லாம், அன்ரி."

தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான்தானே அவசரப்படுத்தினனான்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

வேறு வழி தெரியாமல் ஒதுக்கி வைத்த பழைய கோப்புகளைக் கிளறினேன். ஒன்றில் சேர் தன் கையால் எழுதிய கட்டளை ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து, இந்த முகவரிக்கு அனுப்பு. முகவரி அவருடையதுதான்.

"அன்ரி! சேரின்ரை ஈமெயிலை ஆர் பாக்கிறது?"

"ஒருத்தரும் பாக்கிறேல்லை. அது அவரின்ரை போனுக்குள்ளை."

"போன் இருக்கா?"

எழுந்து போய் அலுமாரியில் இருந்து எடுத்து வந்தார். நூறு வீதம் சார்ச் இருந்தது.

"ஒவ்வொரு நாளும் சார்ச் போடுவன். திறக்கிறேல்லை. திறந்தால், உள்ளை அவர் இல்லையெண்டு தெரிஞ்சிடுமே."

பூட்டுத் திறக்கும் இலக்கம் தெரியுமா என்று கேட்டேன். தான் பிறந்த வருடம் என்றார். மனைவி பிறந்த வருடத்தைப் பூட்டாக வைத்த போனை நான் இதுவரை கண்டதில்லை.

விளம்பரக் குப்பைகளுக்கு நடுவில், ஞாயிறுக்கு ஒன்றாகக் கடிதங்கள் நின்றன. அவர் இறப்பதற்கு ஆறு கிழமைக்கு முன் தொடங்கி, போன ஞாயிறு வரை தொண்ணூற்றேழு. ஒன்றும் திறக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: ஜெகாவுக்கு.

"நீங்களே திறவுங்கோ, அன்ரி," என்றேன்.

கடைசிக் கடிதத்தைத் திறந்தார். கீழே பிரதி இணைந்திருந்தது. மேலே இரண்டு வரி. அன்ரி சத்தமாக வாசித்தார்.

"ஜெகா, இதுக்குள்ளை எல்லாம் இருக்கு, ஆரும் அழிச்சுப்போட்டால் எடுத்துக் குடும். அந்தப் பிள்ளையை ஏசாதையும், எனக்கும் ரண்டு தரம் நடந்தது."

நான் அழுதுவிட்டேன். எனக்கு இலேசில் அழுகை வராது, அன்று வந்தது. அன்ரி அழவில்லை. தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு ஞாயிறும் வந்திருக்கு. நான் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு இருந்திருக்கிறன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு கணினியை இழுத்தேன். "இப்பவே திருப்பிப் போடுறன், அன்ரி."

"வேண்டாம். ஒண்டரை மட்டும் இரும், ராகு காலம் முடியட்டும். சாப்பிடுவம்."

வேறு நாளாக இருந்தால் ஒரு மூச்சுச் சண்டை பிடித்திருப்பேன். அன்று எழுந்து கை கழுவப் போனேன். சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டோம். ஒன்றரைக்கு அந்தப் பிரதிக்கே முதலில் இரண்டு பிரதி எடுத்தேன். பிறகுதான் திருப்பிப் போட்டேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்துத்தான் அமத்தினேன். போன ஞாயிறுக்குப் பிறகு, சேர் இல்லை என்று தெரியாமல் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் போய்விட்டன. சேரின் பதில்கள் ஆறாயிரத்துச் சொச்சமும் வந்து நின்றன, விளம்பரம் இல்லாமல்.

புதிய தளத்திலும் ஞாயிறு காலைப் பிரதிக்கு ஒழுங்கு செய்தேன். அந்த இரண்டு வரியையும் அப்படியே விட்டேன். முகவரி எழுதும் இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன்.

"இனி உங்கடை ஈமெயிலுக்கு அனுப்பட்டா, அன்ரி?"

அன்ரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், பிள்ளை. அவருக்கே வரட்டும். ஞாயிறு ஆறு மணிக்கு நான் எழும்பித்தானே இருப்பன், திறந்து பாக்கிறன்."