கனகவல்லி கொண்டுபோன வேப்பிலை

சீமையில், பிளேஸ்டோவில் அந்த வீட்டின் முன்னறைதான் ஞாயிற்றுக்கிழமைகளில் சபை. பெயரில் கிருஷ்ணரை வைத்துக்கொண்டு இயேசுவைப் பிரசங்கிக்கிற வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தி, ஆதிக் கிறிஸ்தவம் ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். ரோமர் போட்ட தெருக்கள், எல்லோருக்கும் விளங்கிய கிரேக்க மொழி, இரத்தசாட்சிகள். கேட்கத்தான் ஆள் குறைவு. கொள்ளைநோய் வந்தபோது ஊரே வெருண்டோட, விசுவாசிகள் நோயாளிகளின் பக்கத்தில் இருந்து தண்ணீர் பருக்கினார்கள், அதுவும் ஒரு காரணம் என்று அவர் போகிறபோக்கில் சொன்னார். அவர் மனைவி கனகவல்லி எழுந்து குசினிக்குக் கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள்.

அடுத்த வீட்டுப் பாலாம்பிகைக்கு அம்மாள் வந்திருந்தது. பெரியவர்களுக்கு வந்தால் ஆளையே உருட்டிப்போடுகிற அம்மை நோய், கொப்பளிப்பான். தனி ஆள். ஆர்ச்வே முருகன் கோவில் சிநேகிதிகள் அம்மாள் வந்த வீட்டுக்குப் போகக்கூடாதென்று போனில் மட்டும் சுகம் விசாரித்தார்கள். சபைக்கு அழைத்த நோட்டீசைக் கிழித்து இவர்கள் வாசலிலேயே போட்டவள் இந்தப் பாலாம்பிகைதான். கனகவல்லி அதை மறக்கவில்லை. இருந்தும், தனக்குச் சிறுவயதிலேயே வந்துபோன நோய்தானே என்று, கஞ்சியோடு அப்டன் பார்க் கடையில் வாங்கிய வேப்பிலைக் கட்டையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

சபையின் மூத்தவர் செல்வரத்தினம் கதவடியில் மறித்தார்.

"பிள்ளை, வேப்பிலை அம்மாளுக்குப் படைக்கிறது. இது விக்கிரக ஆராதனை. கொண்டுபோனால் என்ரை குடும்பம் இனி இஞ்சை வராது."

அவர் குடும்பம் போனால் பாதிச் சபை போய்விடும். பிறகு கணவர் சுவருக்குத்தான் பிரசங்கிக்க வேண்டும். கனகவல்லி அது தெரிந்தே சப்பாத்தை மாட்டினாள்.

"அந்த மனுசிக்கு மேலெல்லாம் கடிக்குது அண்ணை. வேப்பிலை கேட்டவ. நான் கொண்டுபோறன்."

கிருஷ்ணமூர்த்தி வேதப் புத்தகத்தை மூடினார். "நீர் போயிட்டு வாரும்," என்றார்.

செல்வரத்தினம் சொன்னபடியே வராமல் விட்டார். கனகவல்லி தினமும் போனாள். வேப்பிலையால் தடவினாள், கஞ்சி பருக்கினாள், படுக்கை விரிப்புகளைத் தோய்த்தாள். பாலாம்பிகைக்குத்தான் பொறுக்கவில்லை.

"சபைக்கு வா எண்டு ஏன் இன்னும் கேக்கேல்லை?"

"முதல் சுகமாகுங்கோ அக்கா."

பாலாம்பிகை சுகமாகித் தலைக்குத் தண்ணீர் வார்த்த பிறகு வந்த ஞாயிறு, பாட்டுத் தொடங்குகிற நேரம் கதவு மணி அடித்தது. வாசலில் நெற்றி நிறையத் திருநீற்றோடு பாலாம்பிகை. அவளுக்குப் பின்னால் கோவில் சிநேகிதிகள், தெருவில் கதை கேள்விப்பட்டவர்கள்.

"நான் சாமி மாற வரேல்லை," என்றாள் உரக்க. "அம்மாள் வந்து கிடக்கேக்கை என்ரை வீட்டுக்குள்ளை வந்தவ கனகவல்லி. இவவின்ரை வீட்டுக்கு நான் வராமல் இருக்க ஏலுமோ?"

கனகவல்லிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாழ்நாளில் இப்படியொரு சந்தோசத்தை அவள் கண்டதில்லை. பேச வைத்திருந்ததையெல்லாம் மறந்து கிருஷ்ணமூர்த்தி பாடத் தொடங்கினார். பாட்டுத் தெரியாதவர்கள் கை தட்டினார்கள்.

வாசலில் சப்பாத்துகள் நிறைந்து, படி இறங்கி, நடைபாதை வரைக்கும் போயிருந்தன. கடைசியாக வந்த ஒருவர் தன்னுடையதை வைக்க இடமில்லாமல் கையில் பிடித்தபடி, வெறும் காலுறையோடு உள்ளே எட்டிப்பார்த்துக்கொண்டு நின்றார். செல்வரத்தினம்.