நாற்பத்தெட்டு நாள் லேகியம்

தறி ஓடுகிற நேரமாகப் பார்த்துத்தான் நான் வாய்விட்டு அழுவேன். ராசிபுரத்தில் எங்கள் வீட்டோடு நாலு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் கேட்காது. மாதத்தில் மூன்று நாள் எனக்கு அந்த வசதி தேவைப்பட்டது.

சேலத்து டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியே போய் ஒட்டி வளர்கிறதாம். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். இடது சினைப்பையில் நாலு சென்டிமீட்டரில் ஒரு கட்டி. அதற்குச் சாக்லேட் கட்டி என்று பெயர் வைத்தவன் என் கையில் கிடைக்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெந்நீர் ஒத்தடம், நடை, கீரை எல்லாம் நல்லதுதான், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம், குழந்தை வேண்டுமென்றால் சினைப்பையைக் காப்பாற்றியாக வேண்டும் என்றார். கல்யாணமாகி ஆறு வருடம். வேண்டாமலா இருக்கும்?

என் மாமியார் பூவாத்தாளுக்கு மாத்திரை என்றாலே ஆகாது.

"இங்கிலீசு மருந்து சூடு சாமி. நாமகிரிப்பேட்டையில ஒரு வைத்தியர் இருக்காரு. நா போயி வாங்கியாறேன், நீ படு."

எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அவர் மட்டும் பஸ் ஏறிப் போய் லேகிய டப்பாவோடு வந்தார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், ஒரு நாள்கூட விடக்கூடாது, விட்டால் மறுபடியும் முதல் நாள். இரண்டு மருந்தும் சேர்ந்தால் ஒத்துக்காது என்று மாத்திரையை நிறுத்தினார். மண்டலம் முடியட்டும், ஸ்கேனுக்குப் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர் அன்பரசு.

டப்பா சாமி அலமாரியில் ஏறியது. வீட்டுக்குத் தூரமான உடம்பில் மருந்து சேராது என்று அந்த நாட்களில் அத்தை அதை எடுத்தே தரமாட்டார். எனக்கோ இருபத்தாறு நாளுக்கு ஒருமுறை வந்துவிடும். நாற்பத்தெட்டை எங்கே தொடுவது? இருபத்துமூன்று வரை போவேன், சுருண்டு படுப்பேன், எழுந்து ஒன்றிலிருந்து தொடங்குவேன். டப்பா தீர்ந்தால் அத்தை போய் வாங்கி வருவார். இப்படியே ஏழு மாதம். பி.காம் படித்தவள் புத்தி எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வலியில் கிடக்கிறவளுக்கு யார் எதைச் சொன்னாலும் சரியென்றுதான் படும்.

போன செவ்வாய்க்கிழமை வலியில் வாந்தியே வந்துவிட்டது. டப்பாவில் இருந்த நம்பருக்கு நானே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஐயா, தூரமான நாள்லயும் இந்த லேகியம் சாப்புடலாங்களா? எனக்கு நோவே அப்பத்தானுங்க வருது."

வைத்தியர் அத்தையின் பெயரையும் ஊரையும் கேட்டு நோட்டைப் புரட்டினார்.

"அம்மிணி, இது குடல் புண்ணுக்குக் குடுத்ததாச்சே. உங்கத்தை வயித்து நோவுன்னு மட்டுந்தான் சொன்னாங்க. சாப்பிட்டா வலிக்குதான்னு கேட்டேன், ஆமான்னாங்க. நீ மொதல்ல டாக்டரம்மாவப் போயிப் பாரு சாமி."

திரும்பினால் அத்தை நிலைப்படியில் நிற்கிறார்.

"ஏனுங்கத்தை, அவர்கிட்டச் சொல்லலீங்களா?"

"ஆம்பளகிட்ட அதையெல்லாம் எப்படி அம்மிணி சொல்றது?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது.

மறுநாள் சேலம் போனோம். கட்டி ஏழு சென்டிமீட்டர் ஆகியிருந்தது. ஆபரேஷன்தான், இடது சினைப்பை மிஞ்சுமா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. மிஞ்சாவிட்டால் வலது பக்கத்தை நம்பித்தான் இனிக் குழந்தை.

"ஏழு மாசமா ஏம்மா வரல?"

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அறையில் இன்னொரு டாக்டரும் கம்பவுண்டரும் நின்றிருந்தார்கள், இரண்டு பேரும் ஆண்கள். அத்தை முன்னால் போய் நின்றார்.

"தூரமாகறப்ப வர்ற நோவுன்னு வைத்தியர்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மறச்சுட்டனுங்க. தப்பு என்னுதுங்க. எப்படியாச்சும் இவளுக்கு ஒரு புள்ள பொறக்கோணுங்க."

வராண்டாவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இதே வார்த்தையை நாமகிரிப்பேட்டையில் சொல்லியிருந்தால், அன்றைக்கே அந்த மனிதர் என்னை இங்கே அனுப்பியிருப்பார். அத்தை மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. அதற்கும் தெம்பு வேண்டுமே. ஆபரேஷன் தாளை என் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்.