மடைவாயில் வாழைமரம்

எனக்குத் தேவை முப்பதடி ஆழம். ஞாயிற்றுக்கிழமை கொச்சியிலிருந்து வரும் பயிற்சியாளர் முன்னால், அந்த ஆழத்தில் சிலிண்டரோடு முக்குளித்துக் காட்டினால் துறைமுகத்தில் வேலை நிச்சயம். ஆனி மாதக் கடல் அதற்கு ஆகாது. எங்கள் ஊர் அணைதான் கதி. அது தொண்ணூற்றேழாம் வருடம். அணையையும் சரியாக அந்த வாரத் திங்கட்கிழமை கார் சாகுபடிக்குத் திறந்துவிட்டார்கள். அணை ஏரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது.

தூத்துக்குடியில் காற்றடைத்த சிலிண்டரை வண்ணார்பேட்டையில் பஸ் மாற்றித் தூக்கிவந்தவள் நான். சும்மா விடுவேனா? விவசாயச் சங்கத்துக்கே போய், "ஞாயித்துக்கெழம மத்தியானம் வரைக்கும் மடையை அடைச்சு வையுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நெல்லு குடிக்க தண்ணியில ஒனக்கு நீச்சல் கேக்குதாக்கும்?" என்றார் தலைவர் குற்றாலலிங்கம். அந்தத் தண்ணீரை நம்பி இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் என் அப்பா தானியேலும் அங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை மடை அடைத்துக்கொண்டது. திறப்பு விழாவுக்குக் கட்டிய வாழைமரங்களை, விழா முடிந்ததும் மங்கலம் என்று ஏரியிலேயே தள்ளிவிட்டிருந்தார்கள். அவை மிதந்து வந்து மடைவாய்க் கம்பிகளில் குறுக்கே மாட்டிக்கொண்டன. வாய்க்காலில் தண்ணீர் நூலாக வந்தது. அப்போதுதான் தலைவருக்கு எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது.

"இறங்குதேன் அண்ணாச்சி. ஆனா மொதல்ல மடை ஷட்டரை முழுசா இறக்கணும், இல்லாட்டா தண்ணி என்னையும் இழுத்துரும். மரத்தை எடுத்த பொறவும் ஞாயித்துக்கெழம வரைக்கும் தொறக்கக் கூடாது."

"சரி ஜெசி, சரி."

இறங்கினேன். கலங்கலில் கண் தெரியவில்லை. தடவித் தடவி அரிவாளால் வெட்டி, துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினேன். கரையேறி மூச்சு வாங்குவதற்குள் தலைவர், "ஏலே, ஷட்டரைத் தூக்குலே!" என்றார்.

வாக்காவது, வாழைமட்டையாவது! திரும்பவும் மடைக்கு முன்னால் குதித்தேன்.

"இப்பத் தொறங்க, பாப்போம்!"

மேலே ஒரே கூச்சல். "தானியேலு, ஒம்ம மவளை மேல வரச் சொல்லும் வே! ஒம்ம நாத்தும்லா கருகுது!"

அப்பா ஷட்டர் மேடையில் ஏறினார். ஷட்டரைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றினார். என்னைத் தாண்டி, ஏரியின் ஆழமான இடம் பார்த்து வீசினார். அது தொபுக்கென்று முழுகியது.

"ஏட்டி," என்றார், "ஞாயித்துக்கெழம ஒன் வாத்தியார் முன்னால அதை எடுத்துட்டு வா. பொறவு தொறப்பாவ."