நாலாவது மாடிச் செயலாளர்

தீ எச்சரிக்கை மணி அலறியபோது போனக்காவின் கையில் ஓர் அங்கீகாரம் சுடச்சுட இருந்தது.

லாமினேஷன் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த சான்றிதழ் அது. 'இந்தச் சர்வதேச வணிகக் கல்லூரி முழுத் தகுதி பெற்றது' என்று தங்க எழுத்தில் மின்னியது. அதைத் துப்பிய கையோடு மெஷின் கரும்புகையைக் கக்க ஆரம்பித்துவிட்டது.

"அத்தான்! மெஷின் எரியுது!"

"ஆபீஸ்ல அத்தான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? டைரக்டர்னு கூப்பிடு!" என்று கண்டித்துக்கொண்டே அவளுடைய அக்கா புருஷன் அவளுக்கு முன்னால் படியிறங்கி ஓடினார்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பெரிய போர்டு, முப்பத்தொரு மாணவர்கள். இதுதான் கல்லூரி. நாலாவது மாடியில் இருந்தது 'சர்வதேச வணிகக் கல்வி அங்கீகார கவுன்சில்'. இரண்டு இடத்துப் போனையும் எடுப்பவள் இவள் ஒருத்திதான், அதனால்தான் போனக்கா. கல்லூரிக்குக் குயில் குரல், கவுன்சிலுக்குக் கரகரத்த குரல். கவுன்சில் அறையைத் திறந்தால் ஒரு மேஜை, கால் உடைந்த நாலு நாற்காலி, ஒரு துடைப்பம்.

அவளும் சும்மா இந்தக் கூத்தாடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே அதே கல்லூரியில் இரண்டு வருடம் விழுந்து விழுந்து படித்து, எல்லாத் தாளிலும் முதலாவதாக வந்திருந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கையெழுத்துப் போட்டால் அது பட்டம். போடாவிட்டால் வெறும் காகிதம். கையெழுத்துப் போட வேண்டிய பதிவாளர் அம்மாள் இன்று வருகிறார். முதலில் கல்லூரியைப் பார்ப்பார், பதினொரு மணிக்குக் கவுன்சில் செயலாளரைச் சந்திப்பார். அதற்குள் போனக்கா பின்படியில் ஏறி, கோட்டும் கண்ணாடியும் மாட்டிச் செயலாளராகிவிட வேண்டும். அதுதான் திட்டம்.

பதிவாளர் அம்மாள் டாக்சியை விட்டு இறங்கியபோது மொத்தக் கட்டடமும் தெருவில் நின்றது.

வாட்ச்மேன் கையில் பட்டியலோடு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது மாடி, தையல்கடை? சரி. மூணாவது மாடி, காலேஜ்? சரி. நாலாவது மாடி, கவுன்சில் செயலாளர் அம்மா?"

வாட்ச்மேன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அவங்க இன்னைக்கு லீவு" என்றார் டைரக்டர்.

"லீவா?" பதிவாளர் அம்மாள் திரும்பினார். "ஒன்பது மணிக்கு எங்கிட்ட போன்ல பேசினாங்களே! மாடியிலதான் இருப்பேன்னு சொன்னாங்க."

"ஐயையோ, அப்ப ஆள் உள்ளே மாட்டிக்கிச்சு!" வாட்ச்மேன் தலையில் கை வைத்தார். "மூணு வருஷமா ஒரு தடவைகூட வெளியே வந்து நான் பார்த்ததில்ல. பாவம், எந்நேரமும் வேலைதான் போல."

"நான் பார்த்திருக்கேன். ஒல்லியா, உயரமா இருப்பாங்க" என்றார் தையல்காரர்.

"குள்ளம்னு சொல்லுங்க. எனக்கு வணக்கம்கூடச் சொல்லியிருக்காங்க" என்றார் அவர் மனைவி.

தீயணைப்பு வண்டி வந்தேவிட்டது. மூன்றாவது மாடிப் புகையைத் தாண்டி நாலாவது மாடி ஜன்னலுக்கு ஏணி நீண்டது. முகமூடி மாட்டிய வீரர் ஒருவர் கோடரியோடு முதல் படியில் கால் வைத்தார்.

டைரக்டர் போனக்காவின் காதருகே குனிந்தார். "மூச்சு விடாதே. ஏறிப் பார்த்துட்டு, யாரும் இல்லைன்னு இறங்கிடுவாங்க. உன் பட்டத்தை நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தாள். புகையையும் பார்த்தாள்.

"அத்தான், உங்க பொய்க்காக அந்த மனுஷன் ஏன் புகைக்குள்ள போகணும்?" என்று முணுமுணுத்தவள், ஏணியைப் பார்த்துக் கத்தினாள். "இறங்குங்க! மேலே யாரும் இல்ல. செயலாளர் நான்தான்!"

"பயத்துல உளறுது. யாராவது தண்ணி கொடுங்கப்பா" என்றார் வாட்ச்மேன்.

போனக்கா தொண்டையைச் செருமினாள். "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அடிக்கடி போன் செய்து தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று கரகரத்தாள்.

பதிவாளர் அம்மாளின் கைப்பை கீழே விழுந்தது. "அவங்களேதான்!"

ஏணி இறங்கியது. மெஷின் இரண்டு நிமிடத்தில் அணைந்தது. டைரக்டர் மெல்லத் தையல்காரருக்குப் பின்னால் நழுவினார். பதிவாளர் அம்மாள் போனக்காவின் முழங்கையைப் பிடித்து டாக்சிக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார். பட்டம் காற்றில் போயிற்று என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

கல்லூரியைப் பற்றிக் கவுன்சில் அவருக்கு அனுப்பியிருந்த பதினொரு பக்க அறிக்கை கைப்பையிலிருந்து வெளியே வந்தது. "இந்த ஆய்வறிக்கையை எழுதினது யாரு?"

"நான்தான் மேடம். எல்லாம் பிரமாதம்னு எழுதினா யார் நம்புவாங்க? அதனால குறையை உள்ளபடியே எழுதிட்டேன்."

"'நூலகத்தில் நாற்பது புத்தகங்கள், அதில் இருபத்தாறு ஒரே புத்தகம். நிதி மேலாண்மை ஆசிரியர் வகுப்பில் தூங்குகிறார். கழிவறைச் சாவியைத் தையல்கடையில் கேட்டு வாங்க வேண்டும்.' இவ்வளவும் எழுதிட்டு, கடைசியில முழுத் தகுதின்னு எப்படி வந்துச்சு?"

"கடைசிப் பக்கம் அத்தான் எழுதினது."

பதிவாளர் அம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"நான் படிச்சது மட்டும் பொய்யில்ல மேடம்" என்றாள் போனக்கா. "எந்தப் பாடத்துல வேணும்னாலும் கேள்வி கேளுங்க."

"கேள்வி எதுக்கு? கையெழுத்து இப்பவே போட்டுத் தர்றேன்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் நீர்கூட எட்டிப்பார்த்தது. பதிவாளர் அம்மாள் பேனாவைத் திறந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பதிலுக்கு எங்க பல்கலைக்கழகத்துக்கும் உங்க கவுன்சில் ஒரு அங்கீகாரம் கொடுக்கணும். வந்து பாருங்க, என்ன குறை வேணும்னாலும் எழுதுங்க, அந்தக் கழிவறை சமாச்சாரம் மட்டும் வேண்டாம்மா. எங்க சாவி கீழ்மாடிப் பல் டாக்டர்கிட்ட இருக்கு."