அப்பாவுக்குப் புரிந்த பாட்டு

கிரீஸ் நாட்டு வோலோஸ் நகரத்தின் ஹெவி மெட்டல் இசைப் பாடகன் மில்டோஸ், அப்பா அம்மாவை அடித்த கதையைப் பத்து வருஷமாக இங்கிலீஷில்தான் கத்திப் பாடினான். ஒரு வார்த்தையும் புரியாத அப்பா சராந்திஸ் முன்வரிசையில் நின்று, "எம்புள்ளடா!" என்று மார்தட்டுவார்.

அம்மா செத்த வருஷம் அதே பாட்டை அப்பாவுக்குப் புரியும் கிரேக்க மொழியில் எழுதினான். பெல்ட்டடி ஒவ்வொன்றையும் அப்பாவின் கண்ணைப் பார்த்தே பாடினான். அவர் தலைகுனிவார் என்று நம்பினான்.

பாட்டு முடிந்ததும் சராந்திஸ் மேடையருகே வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெல்ட்டு இல்லடா மடையா, ஒயரு. எழுதறதச் சரியா எழுது."

வேடிக்கையென்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. சின்ன வயதில் மூடிய கதவுக்குப் பின்னால் அவன் கேட்டது வெறும் பெல்ட் சத்தம்தான் என்று மில்டோஸிடம் சொல்லியிருந்தவள் அம்மா.